கோடு ஏறினால் ஆமாம்

மொரியோ வாத்தியார் உயிரோடு இருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தலைமாட்டில் நின்ற இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டது, இதயம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. ஆள் உள்ளே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எட்டு மாதமாக அவர் அந்தக் கேள்விக்கு 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று கத்திக்கொண்டுதான் இருந்தார். கத்துவதற்கு வாய் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு விரலாவது வேண்டும். அவருக்கு அதெல்லாம் எப்போதோ போய்விட்டது.

நரம்பைத் தின்னும் நோய். முதலில் வலது கைப் பெருவிரல். பிள்ளைகளுக்கு மணிச்சட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோதே அது சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. பிறகு கால், பிறகு குரல், பிறகு மூச்சு. கடைசியில் இடது கண்ணிமை ஒன்றுதான் மிச்சம். மனைவி ஃபுசாயே எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள், வேண்டிய எழுத்து வந்ததும் இவர் இமையை அசைப்பார். 'தலையணை' என்று சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனாலும் அது பேச்சுதான். போன ஜூன் மாத மழையில் அந்த இமையும் விழுந்தது, அப்புறம் எழவே இல்லை.

காது மட்டும் கெட்டியாக இருந்தது. கெட்டுப்போயிருந்தால் தேவலை என்று சில நாள் நினைத்திருக்கிறார். இன்று காலையும் அப்படி நினைத்தார்.

"நெஞ்சு வலது பக்கம் கரகரங்குது. காய்ச்சல் முப்பத்தெட்டுக்கு மேல" என்றார் டாக்டர் தாகிகாமி. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிறவர். நல்ல மனிதர்தான். கட்டிலுக்கு மேலேயே குனிந்து நின்று பேசுவார், காலியான வீட்டில் பேசுகிற மாதிரி.

"டாக்டர், அடுக்களைக்குப் போயிடலாமா" என்றாள் ஃபுசாயே. நோயாளியின் காதில் விழும்படி நோயைப் பற்றிப் பேசுவது அவள் வளர்ந்த வீட்டில் பெரிய மரியாதைக் குறைவு.

"ரெண்டு வார்த்தைம்மா, சொல்லிட்டுக் கிளம்பறேன். இலையுதிர்காலத்துக்கு அப்புறம் இது மூணாவது. மருந்து ஏத்தினா இந்தத் தடவையும் இறங்கிடும். ஏத்தலைன்னா ரெண்டு மூணு நாள். கஷ்டம் தெரியாம நான் பாத்துக்கறேன். உள்ளே ஆள் இருந்து, எனக்கு வேணும்னு சொன்னா ஏத்தத்தான் வேணும். ஆள் இல்லைன்னா நாம யாருக்காக ஏத்தறோம்? நீங்களும் மனுஷிதானே. உங்க மூஞ்சியைக் கண்ணாடில பாத்தீங்களா?"

"நாடித்துடிப்பு ஏறுது டாக்டர். இப்பக்கூட ஏறுது பாருங்க."

"காய்ச்சல்ல எல்லாருக்கும் ஏறும். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னைக்கு அந்த வெளிச்சக் கருவி வருதில்ல? பாருங்க. சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடி வர்றேன், ஒரு முடிவு சொல்லுங்க."

வாத்தியாருக்கு எல்லாம் கேட்டது. ரெண்டு மூணு நாள். சளி மெல்ல மெல்ல மேலே ஏறி வரும், இவர் காதைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஃபுசாயே சாவுக்கு வேண்டிய ஊதுபத்திக்குச் சொல்லி வைப்பதையும் கேட்பார். அவருக்குச் சாக இஷ்டமில்லை. அறுபத்து மூன்று வயதில், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல், குழாய் வழியே சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிற மனிதனுக்கு அப்படி என்ன ஆசை என்று கேட்கலாம். அவரும் கேட்டுப் பார்த்தார். காலையில் ஃபுசாயே வாசல் கதவைத் தள்ளித் திறக்கிற சத்தம் வரும், அதோடு குளிர் காற்று வரும், 'இன்னைக்கு என்ன காத்து, துணி எல்லாம் பறக்குது' என்று அவள் இவரிடம் சொல்லுவாள். அதை நாளைக்கும் கேட்க வேண்டும். அவ்வளவுதான் காரணம், அதற்கு மேல் அவரிடம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "தொந்தரவு பண்றேன்" என்று வாசலில் ஒரு குரல். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவள் இசொகாய். அந்த ஹமாமாத்ஸு ஊரில் பாதிப் பேர் பியானோவும் மோட்டார் சைக்கிளும் செய்து பிழைத்தார்கள் என்றால், கொஞ்சம் பேர் வெளிச்சத்தை அளக்கும் கருவி செய்து பிழைத்தார்கள். இசொகாய் அப்படி ஒரு சின்னக் கம்பெனியின் ஆள். நோயாளிகள் சங்கத்தின் வழியாக அந்தக் கருவி வீடு வீடாக இரவல் போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு அது வேறு மாகாணத்துக்குப் போகிறது. மறுபடி இந்தப் பக்கம் வர அடுத்த வருஷம் ஆகும்.

"வாத்தியாரே, நான் இசொகாய். உங்க நெத்தியில ஒரு பட்டை கட்டப் போறேன். கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்" என்றாள். அவரைப் பார்த்து நேராகப் பேசினாள். எட்டு மாதத்தில் ஃபுசாயேயைத் தவிர அப்படிப் பேசிய முதல் ஆள் அவள்தான், அதற்காகவே அவளுக்கு ஒரு வணக்கம் போட வேண்டும் போல இருந்தது.

திரையை இழுத்து மூடினார்கள், வெயில் உள்ளே வந்தால் கருவி குழம்புமாம். நெற்றியில் விழுந்த முடியை அவள் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள், கறுப்பு முடி வெளிச்சத்தைக் குடித்துவிடுமாம். பட்டை இறுகியது.

"இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்மா. சிவப்புக்கும் அந்தப் பக்கம்" என்று ஃபுசாயேயிடம் விளக்கினாள். "டார்ச்சைப் பொத்திப் பிடிச்சா விரல் சிவப்பாத் தெரியும்ல, அது மாதிரி இது எலும்பைத் தாண்டி உள்ள போய்த் திரும்பி வரும். மூளை கஷ்டப்பட்டு வேலை செஞ்சா அங்க ரத்தம் கூடும். ரத்தம் கூடினா திரும்பி வர்ற வெளிச்சத்துல வித்தியாசம் தெரியும், திரையில கோடு ஏறும். சும்மா இருந்தா கோடு படுத்திருக்கும். கோடு ஏறினா ஆமாம், படுத்திருந்தா இல்லை."

"ஏறணும்னா அவர் என்ன பண்ணணும்?"

"மனசுக்குள்ள ஏதாவது கஷ்டமான வேலை. சிலர் வேகமாப் பாட்டுப் பாடுவாங்க. சிலர் கணக்குப் போடுவாங்க, நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிக்கிறது, அந்த மாதிரி. சாருக்கு எது வசதி?"

ஃபுசாயே சிரித்துவிட்டாள். காய்ச்சல் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"பாட்டா? வருஷக் கடைசி விருந்துல இவரைப் பாடச் சொன்னா எல்லாரும் எழுந்து போகச் செருப்பைத் தேடுவாங்க. இவர் மணிச்சட்ட வாத்தியார்ங்க. பத்தாம் படி, அதுக்கு மேல படியே கிடையாது. அஞ்சு இலக்கத்தை அஞ்சு இலக்கத்தால பெருக்கச் சொல்லுங்க, நீங்க எச்சில் முழுங்கறதுக்குள்ள விடை வரும்."

"அப்ப கவலையே இல்லை" என்றாள் இசொகாய். "கணக்குதான். வாத்தியாரே, ஆமாம்னா கணக்குப் போடுங்க. இல்லைன்னா ஒண்ணும் நினைக்காம சும்மா இருங்க."

வாத்தியாருக்கும் கவலை விட்டது. பாட்டு என்று சொல்லியிருந்தால் நடுங்கிப்போயிருப்பார். கணக்கு என்றால் கேட்க வேண்டுமா? நாற்பது வருஷம் இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் கணக்கால் உருட்டி எடுத்த மனிதர். உள்ளுக்குள் மார்பை நிமிர்த்திக்கொண்டார் என்றே சொல்லலாம்.

முதலில் விடை தெரிந்த கேள்விகள். அவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்க்க.

"உங்க பேர் மொரியோவா?"

ஆமாம். நூறில் ஏழு போனால் தொண்ணூற்று மூன்று. மூடிய கண்ணுக்குள் மணிச்சட்டம் வந்து நின்றது, பழுப்பு மணிகள் டக் டக்கென்று தாமாகவே நகர்ந்தன. எண்பத்தாறு, எழுபத்தொன்பது. இது போதாது என்று ஐந்து இலக்கப் பெருக்கலுக்குத் தாவினார். மணிகள் ஓடின, இவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சுகம். காலையிலிருந்து அவர் பயப்படாமல் இருந்தது அந்த அரை நிமிஷம்தான்.

"நாம இப்ப பஸ்ஸுக்குள்ள இருக்கோமா?"

இல்லை. சும்மா இருக்க வேண்டும். மணிச்சட்டத்தைக் கீழே வைத்தார். வைத்த உடனே, காத்துக்கொண்டிருந்த மாதிரி பயம் வந்து உட்கார்ந்தது. வலது பக்கத்துச் சளி. ரெண்டு மூணு நாள். ஒன்றும் நினைக்காதே என்று தன்னையே அதட்டினார். பாழாய்ப்போன மனசு, அதட்ட அதட்ட அதிகமாக நினைத்தது. சாயங்காலம் டாக்டரின் கார் வந்து நிற்பதும், ஃபுசாயே தலையைக் குனிந்து 'வேண்டாம் டாக்டர்' என்று சொல்வதும்.

"இது குளிர்காலமா?" ஆமாம். மணிகள் ஓடின. அப்பாடா. "உங்களுக்கு மூணு பிள்ளைங்களா?" இல்லை, ஒன்றும் இல்லை, பிறந்த ஒன்றும் நிற்கவில்லை. சும்மா இரு, சும்மா இரு. மறுபடி சளி, மறுபடி டாக்டரின் கார். "ஃபுசாயே அம்மா உங்க மனைவியா?" ஆமாம். மணிகள்.

இப்படிப் பத்துக் கேள்வி. இசொகாய் ஒவ்வொன்றுக்கும் பிறகு, "நல்லது" என்று ஒரே மாதிரிக் குரலில் சொன்னாள். சரியோ தப்போ, கட்டிலில் கிடப்பவருக்கு விடையைச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. சொன்னால் அந்த ஆள் யோசித்து எதையாவது மாற்றிவிடுவார், அளவு கெட்டுவிடும்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்தார்கள். தள்ளுகதவு நகர்ந்தது. வாசற்படியில் நின்று இசொகாய் குரலைத் தாழ்த்தினாள். உள்ளே ஆள் இல்லை என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள் போல, இல்லாவிட்டால் இன்னும் நாலடி தள்ளிப் போய்ப் பேசியிருப்பாள்.

"அம்மா, சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கு. பத்துல ஒன்பது தப்பு."

"தப்புன்னா?"

"பத்துக்கு எட்டாச்சும் சரியா வந்தாத்தான் உள்ளே இருக்கார்னு எடுத்துக்குவோம். வாங்க, அங்க உக்காந்து பேசலாம்."

கதவு மூடியது. மூச்சு இயந்திரத்தின் இரைச்சலுக்கும் ஜன்னலை உலுக்குகிற வறண்ட காற்றுக்கும் அப்பால் அடுக்களையில் என்ன பேசினார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. பட்டை மட்டும் நெற்றியிலேயே இருந்தது.

ஒன்பது தப்பு. முதலில் அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை. உடம்பு இருந்திருந்தால் எழுந்து கதவை உடைத்திருப்பார். இவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டேனே. ஒரு மணிகூடத் தவறவில்லையே.

பிறகு அவருக்குள்ளிருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். உள்ளே ஆளே இல்லாத உடம்பு என்றால் காசைச் சுண்டிப் போட்ட மாதிரி, பாதி சரி வரும், பாதி தப்பு வரும். பத்தில் ஒன்பதோ பத்துமோ தப்பாக வருவதற்கு ஆயிரத்து இருபத்து நாலில் பதினொரு வாய்ப்புதான். நூற்றில் ஒன்று. ஒன்பது தப்பு என்பது ஒன்பது சரி மாதிரியே பெரிய விஷயம். அது தற்செயல் இல்லை. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு பிடிவாதமாகத் தலைகீழாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெண்ணே, உனக்கு இது தெரியவில்லையா?

ஏன் தலைகீழ்? அதுவும் விளங்கிப்போனது, விளங்கியதும் வெட்கமாக இருந்தது. மூளை கஷ்டப்பட்டால் கோடு ஏறும் என்றாள். கணக்கு அவருக்கு எந்தக் காலத்தில் கஷ்டம்? மற்றவர்களுக்கு மலை ஏறுவது, அவருக்குச் சாய்வு நாற்காலி. கணக்குப் போட்டபோது கோடு படுத்துத் தூங்கியிருக்கும். சும்மா இருந்தபோது பயத்தில் மண்டைக்குள் அத்தனை ரத்தமும் திரண்டு வந்து கோட்டை மேலே தூக்கியிருக்கும். ஃபுசாயே பெருமையாகச் சொன்னாள், இவர் பெருமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பெருமை இப்போது உயிருக்கு உலை வைத்துவிட்டது.

சரி. மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு வாய்ப்பு கிடைத்தால் போதும், ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றால் பாட வேண்டும். அவருக்கு வராதது அதுதான். பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்று இருக்கிறது, எட்டு வயதில் வாத்தியாரம்மா அவரை மட்டும் வாயை அசைத்தால் போதும் என்று சொன்ன பாட்டு. அதைச் சுருதி தப்பாமல் பாட முயன்றால் மூளை வியர்த்துவிடும். இல்லை என்றால் கணக்கு, கோடு சுகமாகப் படுத்துக்கொள்ளும். இப்படிச் செய்தால் கருவி கேட்கிற பதில் கருவிக்குக் கிடைத்துவிடும்.

அவர்கள் திரும்பி வருவார்களா என்பதுதான் தெரியவில்லை. வந்து பட்டையைக் கழற்றிவிட்டால்? வாத்தியார் கடவுளை அதிகம் தொந்தரவு செய்கிறவர் இல்லை. அன்றைக்குச் செய்தார்.

கதவு நகர்ந்தது. இரண்டு பேரும் வேகமாக வந்தார்கள். இசொகாயின் குரல் மாறியிருந்தது, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது.

"வாத்தியாரே, இன்னொரு தடவை பாத்துடலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். முன்ன எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க. எதையும் மாத்தாதீங்க."

மாற்றாதே என்கிறாள். பாவம், ஒன்றும் புரியாத பெண். மாற்றாவிட்டால் நான் தொலைந்தேன் என்று அவர் நினைத்தார்.

"முதல்ல தெரிஞ்ச கேள்வியா ரெண்டு கேட்டுடறேன்ம்மா" என்றாள் இசொகாய்.

"தெரிஞ்ச கேள்வி எனக்கு எதுக்கு?" என்றாள் ஃபுசாயே. அவள் கை இவர் தோளில் வந்து விழுந்தது. "டாக்டர் வர்ற நேரமாச்சு. நானே கேக்கறேன்."

"அம்மா, இந்த மாதிரிக் கேள்வி கேக்கற கருவி இல்லை இது. நல்லா வேலை செய்யறவங்களுக்கே பத்துக்கு எட்டுதான். தலையணை சரியா இருக்கா, டிவி போடட்டுமான்னு கேக்கத்தான்..."

"தலையணையை நான் பாத்துக்கறேன்." குனிந்து அவர் காதருகே வந்தாள். "என்னங்க. உங்களுக்கு மறுபடி காய்ச்சல். மருந்து ஏத்தினா இறங்கிடும். ஏத்தட்டுமா? இப்படியே என்கூட இருக்கணும்னு இருக்கா உங்களுக்கு?"

ஆமாம். ஆமாம். பாடினார். எட்டு வயதுக்குப் பிறகு பாடாத பாட்டை முதல் அடியிலிருந்து பிடித்தார். மலை, ஏரி, காலைச் சூரியன் என்று என்னவோ வரும், வார்த்தை தப்பியது, தேடிப் பிடித்தார். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் கீழே போனது, அதை இழுத்து மேலே ஏற்றினார். இல்லாத தொண்டை வலித்தது. ஏறு, ஏறு என்று கோட்டைக் கெஞ்சிக்கொண்டே பாடினார்.

"ஏறுது" என்றாள் இசொகாய் மெதுவாக. "நல்லா ஏறுது."

வாத்தியாருக்கு உலகமே கைக்கு வந்துவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை வெளியே போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபுசாயே அழுவாள், அழட்டும் என்று நினைத்தார். அவள் அழத்தான் செய்தாள். ஆனால் அந்த அழுகை அவர் நினைத்த அழுகையாக இல்லை. துணியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் அது.

"ஏறினா... இவருக்கு..."

"அங்க உக்காந்திருந்தப்ப சொன்னேனேம்மா. இவருக்கு எல்லாமே தலைகீழ். கணக்கு இவருக்குக் கஷ்டமே இல்லை, அதனாலதான் ஒன்பது தப்பு வந்தது. ஏறினா..." இசொகாய் நிறுத்தினாள். தொழில் கட்டுப்பாட்டை எல்லாம் மறந்துவிட்டிருந்தாள். "ஏறினா, இல்லைன்னுதான் அர்த்தம்."

புரிந்துகொண்டுவிட்டாள். கெட்டிக்காரப் பெண், டீ ஆறுவதற்குள் புரிந்துகொண்டுவிட்டாள். இவர் அவளுக்காகத் திரும்பி நின்றார், அவள் இவருக்காகத் திரும்பி நின்றாள், இப்போது மறுபடியும் முதுகோடு முதுகு. இல்லை, இல்லை, நான் மாற்றிவிட்டேன், நான் பாடினேன் என்று அவர் கத்தியது அந்த நாலு சுவருக்குள் இல்லை, ஒரு மண்டை ஓட்டுக்குள்ளேதான் கேட்டது.

"இன்னொரு தடவை கேளுங்கம்மா. இப்படிப்பட்ட பதிலை ஒரு தடவையோட எடுத்துக்கக் கூடாது" என்றாள் இசொகாய்.

நல்லவள். தெய்வம். இன்னொரு தடவை. இனிமேல் குழப்பம் இல்லை: அவர்கள் கணக்கில் படுத்த கோடுதான் ஆமாம். பாட்டை விடு. மணிச்சட்டத்தை எடு. மனசை மணிகளிடம் விட்டுவிட்டால் போதும், அவை பார்த்துக்கொள்ளும்.

"என்னங்க" என்றாள் ஃபுசாயே. குரல் உடைந்திருந்தது. "கடைசியாக் கேக்கறேன். மருந்து ஏத்தட்டுமா?"

நூறில் ஏழு. மணிச்சட்டம் வந்தது. மணிகளைத் தொட்டார், அவை நழுவின. தொண்ணூற்று மூன்று. அதில் ஏழு. எண்பத்தி... ஒரு கம்பியில் ஐந்து மணிக்குப் பதில் ஆறு தெரிந்தது, ஏழு தெரிந்தது. இதில் தவறினால் சாவு. தவறக்கூடாது என்று நினைத்த அந்த நிமிஷமே எல்லாக் கம்பியும் நடுங்கியது. நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் அவரைக் கைவிடாத சட்டம் கண் முன்னால் கொட்டிக் கவிழ்ந்தது. எண்பத்தாறு, எண்பத்தாறு, அப்புறம்? அப்புறம் என்ன? ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். அவருக்கு வரவில்லை. முழு மூளையும் வரிந்துகட்டிக்கொண்டு எண்பத்தாறில் ஏழைக் கழிக்கப் பாடுபட்டது.

"கோடு?" என்றாள் ஃபுசாயே.

இசொகாய் திரையை விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"முன்னைவிட மேல" என்றாள்.

வெளியே டாக்டரின் கார் வந்து நின்றது.

இசொகாய் பேசிக்கொண்டே பட்டையைக் கழற்றினாள். காய்ச்சல் இருக்கிறவருக்கு இதை நம்பவே கூடாது, கருவி தப்பாகக் காட்டியிருக்கலாம், இதை வைத்து முடிவு எடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தான் சொன்னதைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கிறவள் மாதிரி சொன்னாள். ஃபுசாயே, "ரெண்டு தடவையும் ஒரே பதில்தான் சொன்னார்" என்றாள்.

டாக்டர் உள்ளே வந்தார். கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, என்ன காட்டிச்சு? உள்ளே இருக்காரா?"

மூச்சு இயந்திரம் இரைந்தது. வாத்தியார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் சொல்லப்போகிறாள். நேர்மையான பொம்பளை, கடைக்காரன் ஒரு யென் அதிகமாகக் கொடுத்தால் காற்றில் சைக்கிள் மிதித்துப் போய்த் திருப்பிக் கொடுப்பவள். கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுவாள்.

"இருக்கார்" என்றாள் ஃபுசாயே. "எல்லாம் புரியுது அவருக்கு."

"அப்படியா." டாக்டரின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "அப்ப நான் இத்தனை நாளா... சரி. மருந்தைப் பத்திக் கேட்டீங்களா? என்ன சொன்னார்?"

"ஏத்துங்க டாக்டர்."

"அவரா சொன்னார்?"

"ஏத்துங்க."

இசொகாய் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். தாழ் ஒன்று விழுந்தது, இரண்டாவது விழ நேரமானது. போகும்போது கட்டிலருகே வந்து நெடுநேரம் குனிந்து வணங்கினாள் போலிருக்கிறது, அவள் சட்டை உரசுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "மன்னிச்சுடுங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு மன்னிப்பு என்று டாக்டருக்கு விளங்கியிருக்காது.

கையில் ஊசி ஏறியது. வலித்தது. வலிக்கட்டும், அதைப் போல இனிப்பான வலியை அவர் கண்டதில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும், காய்ச்சல் விடும், நாளைக் காலையில் கதவு திறக்கும், காற்று வரும். கேட்ட பதிலைக் காலில் போட்டு மிதித்துவிட்டு அவளாக ஒரு பொய்யைச் சொல்லி அவரைக் காப்பாற்றிவிட்டாள். ஃபுசாயே, உனக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? கண்ணீர் விட முடிந்திருந்தால் விட்டிருப்பார்.

டாக்டர் போன பிறகு அவள் வெந்நீரில் துணியைப் பிழிந்து வந்து, பட்டை அழுத்திய இடத்தைத் துடைத்தாள். திரையைத் திறந்துவிட்டாள். கட்டிலோரம் முழங்காலிட்டு உட்கார்ந்தாள், தரை முனகியது. பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவமா இருப்பீங்க" என்றாள். "எனக்குத் தெரியும். எட்டு மாசம் கழிச்சு ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்க, போகணும்னு. ரெண்டு தடவை சொன்னீங்க. அதை நான் கேக்கலை. டாக்டர்கிட்டயும் மறைச்சுட்டேன். என்ன மாதிரிப் பொம்பளை நான்."

இல்லை ஃபுசாயே. இல்லை. நீ சரியாகத்தான் செய்தாய்.

"எவ்வளவு கஷ்டமா இருந்தா அப்படிச் சொல்லியிருப்பீங்க. கோடு எப்படி ஏறிச்சு தெரியுமா, ரெண்டாவது தடவை? கத்தற மாதிரி ஏறிச்சு. நான் பாத்துட்டே இருந்தேன். பாத்துட்டும் மருந்து ஏத்தச் சொல்லிட்டேன். எனக்கு மனசு வரலைங்க. இன்னைக்குன்னு நான் நினைக்கவே இல்லை. தயாரா இல்லை." அவள் நெற்றி அவர் கையின் மேல் கவிழ்ந்தது, சூடாக இருந்தது, ஈரமாக இருந்தது. "இந்த ஒரு தடவை எனக்காக இருந்துடுங்க. இனிமே உங்களை வதைக்க மாட்டேன். அடுத்த காய்ச்சல் வரும்போது, யார் என்ன சொன்னாலும் சரி, நீங்க கேட்டபடியே விட்டுடறேன். சத்தியமா விட்டுடறேன்."

மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஃபுசாயே அவருக்குக் கொடுத்த வாக்கு எதையும் காப்பாற்றாமல் இருந்ததில்லை.